சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ்ஸில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அக்கா குடும்பம் கோலாலம்பூரில் (சுருக்கமாக கேஎல்) இருக்கிறது. வருடத்தில் ஏழெட்டு தடவையாவது பஸ்ஸில் போய் வருவேன். அது தெரிந்ததால் ஆபீஸ் நண்பர்கள், ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வருகிறவர்கள், பெர்மிட்டில் வேலை செய்யும் தம்பிமார் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

கேஎல் போக பஸ்ல எவ்வளவு நேரம் ஆகும்?

தூரம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எல்லையில் கூட்டம் இல்லாவிட்டால் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். எல்லையை ஒட்டிய ஜொகூர் பாரு நகரத்தைத் தாண்டிவிட்டால் நெடுஞ்சாலைதான், பஸ் ஒரே சீராக ஓடும். நேரத்தைத் தின்பது சாலை இல்லை, எல்லைதான். கூட்ட நாளில் சிங்கப்பூர், மலேசியா இரண்டு பக்கச் சோதனைச்சாவடிகளைக் கடக்கவே மூன்று மணி நேரம் ஆனதுண்டு. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி அந்தப் பக்கம் கல்யாணம், கோயில், விமானம் என்று எதையும் நெருக்கி வைக்காதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம் கிளம்பினா நல்லது?

செவ்வாய், புதன், வியாழன் காலைகள் நல்லவை. வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை போவதென்றால் விடியுமுன் கிளம்பும் பஸ்ஸாகப் பாருங்கள். திரும்பும்போது ஞாயிறு மாலை மோசம், ஞாயிறு காலையிலேயே கேஎல்லை விட்டுக் கிளம்புவது உத்தமம்.

சிங்கப்பூர் பள்ளி விடுமுறைகள் (மார்ச், ஜூன், செப்டம்பர், பிறகு நவம்பர் கடைசி முதல் டிசம்பர் முழுவதும்), சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, திங்களோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதி என எல்லாமே கூட்டம்தான். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், துவாஸ் ஆகிய இரண்டு சோதனைச்சாவடிகளையும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்த நாட்கள் உண்டு. இன்னொன்று: எல்லையை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனிதான் வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் சனி, ஞாயிறுதான். "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வேலை நாள்" என்று பழைய கணக்கைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு இப்போது செல்லாது.

பஸ் எங்கேர்ந்து கிளம்பும்? கோல்டன் மைல்தானே?

முன்பு பல பஸ்கள் கிளம்பிய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023-இல் காலி செய்யப்பட்டது. அதை ஒட்டி பீச் ரோட்டிலேயே இருக்கும் கோல்டன் மைல் டவரிலிருந்து இப்போதும் பல பஸ்கள் கிளம்புகின்றன. ஹார்பர்ஃபிரண்ட், பூன் லே, கோவன் போன்ற இடங்களிலிருந்தும் உண்டு. கோலாலம்பூரில் இருப்பதுபோல எல்லா நிறுவனமும் ஒன்றுசேர்ந்த ஒரே பெரிய பஸ் நிலையம் சிங்கப்பூரில் இல்லை. அதனால் டிக்கெட்டில் இருக்கும் ஏறும் இடத்தை, கட்டடத்தின் பெயரோடு இரண்டு தடவை படியுங்கள். இரண்டு கோல்டன் மைலையும் குழப்பிக்கொண்டு பஸ்ஸை விட்டவரை எனக்குத் தெரியும்.

கேஎல்ல எங்க இறக்கி விடுவாங்க?

பெரும்பாலும் டிபிஎஸ், அதாவது பண்டார் தாசேக் செலாத்தானில் இருக்கும் தெர்மினல் பெர்செபாடு செலாத்தான் என்ற பெரிய பஸ் நிலையம். 2011-இல் திறந்தார்கள். அதற்கு முன் பழைய புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கி, நெரிசலில் மூட்டையோடு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விமான நிலையம் மாதிரி கதவு எண் போட்டு, பலகையில் நேரம் காட்டி, உட்கார இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து ரயில் நிலையத்துக்கு மேம்பாலத்திலேயே நடந்து போகலாம். கேடிஎம் கம்யூட்டர், எல்ஆர்டி, விமான நிலையம் போகும் கேஎல்ஐஏ டிரான்சிட் மூன்றும் அங்கேயே நிற்கும்.

பத்துமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி: அங்கிருந்து கேடிஎம் கம்யூட்டரில் பத்து கேவ்ஸ் வண்டியில் ஏறினால் கோயில் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். டாக்சி தேவையில்லை.

டிபிஎஸ்ஸுக்குப் போகாத பஸ்களும் உண்டு. புக்கிட் பிந்தாங் பக்கம், ஒன் உத்தாமா, சன்வே பிரமிட் என்று சில நிறுவனங்கள் வேறு இடத்தில் இறக்கிவிடும். நீங்கள் தங்கப்போகும் இடத்தைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

உட்லண்ட்ஸ் வழியா துவாஸ் வழியா? நாமளே சொல்ல முடியுமா?

டிரைவரிடம் போய்ச் சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உட்லண்ட்ஸ் வழி என்றால் 1924-இல் திறந்த பழைய கடற்பாலம். ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம், ஜொகூர் பாரு நகரத்துக்குள்ளேயே போய் ஏறும். துவாஸ் வழி என்றால் 1998-இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம். அது நகரத்தைத் தொடாமல் நெடுஞ்சாலையோடு போய்ச் சேரும்.

கேஎல் போகும் பஸ்ஸுக்கு நான் துவாஸைத்தான் விரும்புவேன். ஜொகூர் பாருவிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்களும் அங்கே கடைக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் உட்லண்ட்ஸில்தான் நிற்பார்கள். துவாஸில் பஸ் பயணிகளின் வரிசை பெரும்பாலும் சிறியது.

எல்லையில என்னதான் நடக்கும்? முதல் தடவை போறேன், பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை, வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலில் சிங்கப்பூர் சோதனைச்சாவடியில் இறங்குவீர்கள். இது வெளியேறும் பக்கம் என்பதால் பெரிய பெட்டியைப் பொதுவாக பஸ்ஸிலேயே விட்டுவிடலாம். பாஸ்போர்ட், போன், பணம் மட்டும் கையில் இருக்கட்டும். தானியங்கிக் கதவில் முகமும் கண்ணும் காட்டி வெளியே வந்து, கீழே நிற்கும் அதே பஸ்ஸில் ஏறுவீர்கள்.

பாலத்தைத் தாண்டியதும் மலேசியப் பக்கம். இங்கே எல்லா மூட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட் என்றால் கவுண்டரில் கைரேகை வைத்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரை விழுந்ததா, தேதி தெளிவாக இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பாருங்கள். முத்திரை இல்லாமல் உள்ளே போனால் திரும்பும்போது "எப்படி வந்தாய்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அப்புறம் பெட்டியை ஸ்கேனரில் போட்டு எடுத்து, பஸ்ஸில் ஏறவேண்டியதுதான்.

திரும்பும்போது இதுவே தலைகீழ். மலேசியாவை விட்டு வெளியேறும்போது பெட்டி பஸ்ஸில் இருக்கலாம், சிங்கப்பூருக்குள் நுழையும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சிங்கப்பூரில் இப்போது முத்திரை கிடையாது. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும், அழித்துவிடாதீர்கள்.

ஆன்லைன்ல ஒரு கார்டு நிரப்பணும்னு சொல்றாங்களே, அது என்ன?

இரண்டு கார்டு இருக்கிறது, பலருக்குக் குழப்பம் இங்கேதான். மலேசியாவுக்குள் நுழைய எம்டிஏசி எனும் மலேசிய மின்னிலக்க வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். சிங்கப்பூருக்குள் நுழைய எஸ்ஜி வருகை அட்டை. இரண்டையுமே நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும், ஒவ்வொரு நுழைவுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும்.

சிங்கப்பூர் குடிமக்களுக்கு மலேசிய அட்டை தேவையில்லை. சிங்கப்பூர் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்கள் தரைவழியாகத் திரும்பினால் சிங்கப்பூர் அட்டை தேவையில்லை. நிரந்தரவாசியாக இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால் மலேசிய அட்டை உங்களுக்குக் கட்டாயம். இதைக் கவனிக்காமல் எல்லையில் நின்று போனில் தட்டிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

இரண்டுமே இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். சுற்றுலாவாக வந்தவர்கள் கேஎல்லில் நான்கைந்து நாள் தங்குவதானால் சிங்கப்பூர் அட்டையைக் கிளம்பும்போதே நிரப்ப முடியாது, அங்கிருந்துதான் நிரப்ப வேண்டும். அதனால் மலேசியாவில் இன்டர்நெட் கிடைக்கும்படி ஒரு சிம்மோ ரோமிங்கோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா விசா வேணுமா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள். சிங்கப்பூர் பெர்மிட் இருந்தால் அந்தக் கார்டையும் கையில் வையுங்கள்.

ஊரிலிருந்து சுற்றுலாவாக சிங்கப்பூர் வந்தவர்கள் கவனிக்க வேண்டியது மலேசிய விசா இல்லை, சிங்கப்பூர் விசா. இந்தியர்களுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். கேஎல் போய்த் திரும்பி வருவதும் ஒரு நுழைவுதான். உங்கள் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு மட்டும் என்றிருந்தால், போன பிறகு திரும்பி வர வழியில்லை. எல்லையில் வைத்து விசா தரமாட்டார்கள்.

இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு சிங்கப்பூர் வர முன்கூட்டி விசா வேண்டாம், ஆனால் மலேசியாவின் இந்த 30 நாள் சலுகை இந்தியர்களுக்கானது.

டிக்கெட்ட இங்கயே போக வர சேர்த்து எடுக்கலாமா?

போகும் டிக்கெட்டை மட்டும் இங்கே எடுங்கள். திரும்பும் டிக்கெட்டை மலேசியப் பக்கத்து விலையில் எடுங்கள். ஒரே பஸ், ஒரே சீட், ஆனால் சிங்கப்பூரில் ஏறினால் டாலரில் விலை, கேஎல்லில் ஏறினால் ரிங்கிட்டில் விலை. எண்ணிக்கை இரண்டும் அருகருகே இருக்கும். ஒரு டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்கிறபோது வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு ஊரிலும் நம் ஆட்கள் "வெள்ளி" என்றுதான் சொல்வார்கள். போனில் விலை கேட்கும்போது சிங்கப்பூர் வெள்ளியா மலேசிய வெள்ளியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் மட்டும் காசைப் பார்க்காமல் இரண்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதானால் சில வாரங்களுக்கு முன்பே எடுப்பது நல்லது.

இன்னும் மலிவா போக வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று தடவை மாற வேண்டும். குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170 பஸ் எடுத்தால் எல்லையைக் கடந்து ஜொகூர் பாருவின் லார்க்கின் செந்திரல் நிலையம் வரை போகலாம். கிராஞ்சி, உட்லண்ட்ஸ் பக்கமிருந்தும் பஸ்கள் உண்டு. லார்க்கினிலிருந்து தீபகற்ப மலேசியாவின் பெரும்பாலான பெரிய ஊர்களுக்கும் ரிங்கிட் விலையில் பஸ் கிடைக்கும். இந்த நகர பஸ்களில் ஒரு நிம்மதி, உங்களுக்காக எந்த பஸ்ஸும் காத்திருக்காது, நீங்களும் எந்த பஸ்ஸுக்காகவும் ஓட வேண்டியதில்லை. முத்திரை வாங்கிவிட்டு அதே எண்ணில் அடுத்து வரும் பஸ்ஸில் டிக்கெட்டையோ கார்டையோ காட்டி ஏறலாம்.

தனியாளாக, ஒரு தோள்பையோடு போகும் இளைஞருக்கு இது சரி. வயதானவர்கள், குழந்தைகள், மூன்று பெட்டி என்றால் நேரடி பஸ்ஸே போதும். லார்க்கினில் "கேஎல்லா? கேஎல்லா?" என்று கூவி இழுப்பவர்கள் பின்னால் போகாமல் கவுண்டரில் மட்டும் டிக்கெட் வாங்குங்கள்.

பஸ்ல டாய்லெட் இருக்குமா? சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்களா?

பெரும்பாலான பஸ்களில் டாய்லெட் இருக்காது. சோதனைச்சாவடிகளில் இருக்கிறது, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். வழியில் ஒரு தடவை, யோங் பெங்கிலோ பாகோ ஓய்விடத்திலோ, இருபது நிமிடம் போல நிறுத்துவார்கள். நாசி லெமாக், மீ கோரெங், தே தாரிக் கிடைக்கும். பல இடங்களில் ரொட்டி சானாயும் உண்டு. சில்லறை ரிங்கிட் முன்பே மாற்றி வைத்திருங்கள்.

ஏசி கடுமையாக இருக்கும். அம்மாவை முதல் தடவை கூட்டிப் போனபோது சால்வை இல்லாமல் ஆறு மணி நேரம் நடுங்கிக்கொண்டே வந்தார். இப்போது என் பையில் ஒரு போர்வை எப்போதும் உண்டு. சீட் பெல்ட் போடுங்கள். 2025 ஜூலை 1 முதல் மலேசியாவில் விரைவு பஸ் பயணிகளுக்கும் இது கட்டாயம், போடாவிட்டால் பயணியே 300 ரிங்கிட் அபராதம் கட்ட வேண்டும். அபராதம் இல்லையென்றாலும் போடத்தான் வேண்டும். இரவில் எல்லோரும் தூங்கிக்கொண்டு போகும் நெடுஞ்சாலை அது.

ராத்திரி பஸ் எடுத்தா ஒரு நாள் ஹோட்டல் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான். ஆனால் சிங்கப்பூரில் பதினொன்றுக்குக் கிளம்பினால் அதிகாலை நான்கு, ஐந்துக்கே டிபிஎஸ்ஸில் இறக்கிவிடுவார்கள். ரயில் ஓடத் தொடங்க ஆறு மணி ஆகிவிடும். நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்து விடிந்ததும் கிளம்புங்கள். எல்லைக்காக நடுஇரவில் இரண்டு தடவை எழுந்து இறங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குழந்தைகளோடு போனால் நான் இரவு பஸ் எடுப்பதில்லை.

இமிகிரேஷன்ல லேட் ஆனா பஸ் விட்டுட்டுப் போயிடுமா?

போய்விடும். இதை மென்று முழுங்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் வரும்வரை டிரைவர் காத்திருக்கப் பார்ப்பார், ஆனால் பஸ் நிற்குமிடத்தில் அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள்.

எங்களுக்கே நடந்தது. அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மலேசியக் கவுண்டரில் திரும்பத் திரும்ப வைத்தும் பதியவில்லை. தனி அறைக்குக் கூட்டிப் போய் முடித்து அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. கீழே வந்தால் பஸ் இல்லை. பெட்டிகள் கையில் இருந்ததால் பிழைத்தோம். டிக்கெட்டைக் காட்டி, அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் காலி சீட் இருந்ததால் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா அன்று முழுவதும் பேசவே இல்லை.

அதிலிருந்து நான் செய்வது இது. இறங்குமுன் பஸ்ஸின் எண்பலகையைப் போட்டோ எடுப்பேன். டிரைவரின் போன் எண்ணைக் கேட்டு வாங்குவேன், கேட்டால் தருவார்கள். வயதானவர்கள் கூட இருந்தால் முன்கூட்டியே டிரைவரிடம் சொல்லி, முதல் ஆளாக இறங்கி வரிசையின் முன்னால் போய் நிற்போம். தேய்ந்த விரலுக்குக் கவுண்டருக்குப் போகுமுன் கொஞ்சம் கிரீம் தடவி ஈரப்பதம் கொடுத்தால் ரேகை பதிய உதவுகிறது. பாஸ்போர்ட்டும் மருந்தும் ஒருபோதும் பஸ்ஸில் விட்ட பையில் இருக்கக் கூடாது.

திரும்பும்போது என்னென்ன வாங்கிட்டு வரலாம்? பிடிச்சிடுவாங்களா?

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் கண்டிப்பு. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் கூட வரிவிலக்கு இல்லை, அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலையும் தடை. சூயிங்கம் கொண்டுவரக் கூடாது. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவுக்கு வரிவிலக்கு கிடையாது. மற்ற பொருட்களுக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால் 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரை ஜிஎஸ்டி இல்லை, அதற்குக் குறைவென்றால் 100 டாலர் வரைதான். பெர்மிட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஜிஎஸ்டி சலுகை பொருந்தாது.

நம் சமையலறையிலிருந்து ஒரு எச்சரிக்கை, கசகசா. மலேசியக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும், குருமாவுக்கு என்று வாங்கிப் பையில் போட்டுவிடுவோம். சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவந்தால் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். அக்கா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலங்களை நான் பிரித்துக் கேட்டுத்தான் எடுத்து வருகிறேன். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வராதீர்கள்.

சென்னையிலேர்ந்து கேஎல் ஃபிளைட் மலிவா இருக்கு. அங்க இறங்கி பஸ்ல சிங்கப்பூர் வந்துடலாமா?

வரலாம். விமான நிலையத்திலிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட்டில் அரை மணி நேரம் சொச்சத்தில் பண்டார் தாசேக் செலாத்தான் வந்து டிபிஎஸ்ஸில் பஸ் பிடியுங்கள். ஆனால் சிங்கப்பூர் விசாவும் மலேசிய அட்டையும் ஊரிலிருந்து கிளம்புமுன் தயாராக இருக்க வேண்டும்.

திரும்பும் பக்கம்தான் ஆபத்து. கேஎல்லில் இரவு விமானம் என்றால் அன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். காலை விமானம் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். முதல் பதிலில் சொன்ன எல்லைத் தாமதத்துக்கு விமானம் காத்திருக்காது. மிச்சம் பிடித்த காசு ஒரு விமானத்தை விட்டால் போய்விடும்.

சிங்கப்பூர்ல 30 நாள் முடியப்போகுது. ஜேபி (ஜொகூர் பாரு) போய்ட்டு உடனே வந்தா இன்னொரு 30 நாள் தருவாங்களா?

தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எத்தனை நாள் தருவது, உள்ளே விடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அதிகாரியின் முடிவு. உள்ளே விடாவிட்டால் உங்கள் பெட்டியும் உறவினர்களும் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். மகளின் பிரசவத்துக்கு வந்து இன்னும் சில வாரம் தங்க வேண்டியிருக்கிறது என்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால், நாள் முடியுமுன் ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். அதுதான் நேர்வழி.

ரயில் வரப்போகுதாமே, அப்புறம் பஸ் எதுக்கு?

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே கட்டப்படும் ஆர்டிஎஸ் ரயில் நான்கு கிலோமீட்டர் தூரம்தான். ஐந்து நிமிடப் பயணம். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதுதான் அதன் பெரிய வசதி. மலேசியாவின் மின்தொடர் ரயிலும் 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கேஎல்லுக்கு நல்ல வழியாக அமையும், நானும் போய்ப் பார்ப்பேன்.

ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, பெட்டிகளோடு, இரண்டு இடத்தில் மாறி ஏறுவதை நினைத்தால் எனக்கு இப்போதைக்கு பஸ்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஏறி டிபிஎஸ்ஸில் இறங்கினால் அக்கா வந்து நிற்பாள்.